தட்டை அடி

ரூப்சா ஆற்றங்கரைப் படகு கட்டும் தளத்தில் நிலுஃபா காத்தூன் வரைந்து கட்டிய தரையிறங்கு படகுக்கு அடிப்பாகம் தாம்பாளம் மாதிரி தட்டை. நாற்பது சிப்பாய்களோடு கெண்டைக்கால் அளவுத் தண்ணீரிலும் மிதக்க வேண்டும் என்று கடற்படை கேட்டிருந்தது. ஆற்றில் அழகாக மிதந்தது.

மழை தொடங்கும் ஆஷாட மாதத்தில் கடல்முகத்தில் சோதனை. நிலுஃபாவும் சிப்பாய்களோடு உள்ளே உட்கார்ந்துகொண்டாள். ஆற்றைத் தாண்டியதுமே அலை அடியில் அறைய ஆரம்பித்தது. சுற்றிலும் ஓங்கரிப்புச் சத்தம். அவளும் வாயைப் பொத்திக்கொள்ள, பக்கத்திலிருந்த சார்ஜென்ட் இத்ரிஸ் மொல்லா மடியில் வைத்திருந்த தன் தலைக்கவசத்தை நீட்டினார்.

"வெக்கப்படாதீங்க ஆபா. உங்களுக்கு முன்னாடியே ரெண்டு பேரு அதுல போட்டாச்சு," என்றார், சொந்த அக்காவிடம் பேசுவதுபோல.

மணல்திட்டில் முன்கதவு சரிந்து இறங்கியது. கெண்டைக்கால் தண்ணீர்தான், சொன்ன சொல் தப்பவில்லை. கரையில் நின்ற கடற்படைக் கமாண்டர் ரெஸ்வான் கை தட்டினார். ஆனால் முதலில் இறங்கியவன் சேற்றில் மண்டி போட்டான். அடுத்தவன் அவன்மேலேயே சாய்ந்தான்.

"இப்ப ஒருத்தன் விளக்கமாத்தோட வந்தாலே நம்ம கதை முடிஞ்சுது," என்றார் இத்ரிஸ். யாருக்கும் சிரிக்கத் தெம்பில்லை.

மறுநாள் நிலுஃபா தள மேலாளர் முசம்மில் முன்னால் போய் நின்றாள். "அடியை மாத்தணும் சார். முன்பக்கம் கூரா இருந்தாத்தான் அலையை வெட்டும்."

"பாஸ் ஆன படகும்மா. ஏன் சொறிஞ்சு புண்ணாக்குற? கூராக்கினா படகு முங்குற ஆழம் ஒரு சாண் கூடுமே, கேட்ட அளவு என்னாகும்?"

"படகு கரை சேந்துடுச்சு சார். ஆளுங்க சேரலையே."

அவர் அசையவில்லை. அவள் நேராகக் கமாண்டரிடமே போனாள். "கடல்னா வாந்தி வரத்தான் செய்யும்," என்று அவர் எரிந்து விழுந்தார். "ஒரே ஒரு தடவை கரையில நிக்காம, உள்ள உக்காந்து வாங்க சார்," என்றாள். வேலை போய்விடும் என்றே நினைத்தாள்.

ரோஷக்காரர், வந்தார். திரும்பி வரும்போது முகம் சாம்பலாக இருந்தது. கம்பியைப் பிடித்தபடி நின்றவர், "எவ்வளவு ஆழம் கூடும்?" என்று மட்டும் கேட்டார்.

"ஒரு சாண்."

"கூடட்டும். மேல நான் பேசிக்கறேன்."

மழைக்காலம் முழுக்க அடித்தகடுகளைப் பிரித்துப் போட்டு வேலை நடந்தது. முசம்மில் அவளோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. ஆனால் ஆள் கேட்டபோதெல்லாம் ஆள் தந்தார்.

பனி விலகிய ஒரு காலையில், அடி மாற்றிய படகு அலையை வெட்டிக்கொண்டு வந்து அதே மணல்திட்டில் முட்டி நின்றது. முழங்காலுக்கு மேல் தண்ணீர். "ஐயோ, ஐஸா இருக்கு!" என்று திட்டிக்கொண்டே குதித்த சிப்பாய்கள் மேட்டை நோக்கி ஓடினார்கள், வரிசை கலையாமல். ஒருவன்கூட ஓங்கரித்துக் குனியவில்லை. ஏனோ நிலுஃபாவுக்குக் கண் கலங்கியது.

மேட்டில் கிச்சடி அண்டா திறந்தது. ஈரக் காற்சட்டைகளோடு எல்லோரும் முண்டியடித்தார்கள். அவளுக்கு எட்டியது அடிப்பிடித்த மிச்சம்தான். இத்ரிஸ் தன் தட்டிலிருந்த பொரித்த இலிஷ் மீன் துண்டை எடுத்து அதன்மேல் வைத்தார்.

"முள்ளு பாத்துச் சாப்பிடுங்க ஆபா," என்றார்.