ழகரத்தில் ஒரு திருத்தம்

அந்தச் சொல்லைத் திருத்தியதே நான்தான். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு யாரும் என்னைப் புனிதவதியாக்கிவிடக் கூடாது.

அரசு அச்சகத்தில் இருபத்தாறு வருடமாக மெய்ப்புத் திருத்துகிறேன். புதன்கிழமை என் மேசைக்கு ஒரு தாள் வந்தது. எல்லா ஆலயங்களிலும் ஞாயிறு பூசையில் வாசிக்க வேண்டிய மன்றாட்டு, நாலே வரி. மூன்றாவது வரியில், ‘எல்லைக்கு அப்பாலுள்ள எங்கள் பகைவரை ஒளித்தருளும்’ என்று எவனோ தட்டச்சு செய்திருந்தான். பகைவரைப் பத்திரமாக ஒளித்து வைக்கும்படி கடவுளைக் கேட்கிற அரசாங்கம் எந்த ஊரில் இருக்கிறது? சிரித்துக்கொண்டே ளகரத்தைச் சிவப்பு மையால் அடித்து, ஓரத்தில் ழ போட்டேன். ஒழித்தருளும். கையெழுத்துப் போட்டுவிட்டு டீ குடிக்கப் போனேன். என் வேலையில் கண் எழுத்தில்தான் இருக்கும், அர்த்தத்தில் இருக்காது.

அர்த்தம் மறுநாள் உறைத்தது. எல்லைக்கு அப்பால் பிறந்தவர்கள் எல்லாரும் மூன்று நாளுக்குள் முகாமுக்கு வந்துவிட வேண்டும் என்று வானொலியில் சொன்னார்கள். என் மருமகள் எல்லைக்கு அப்பால் பிறந்தவள். அவளுக்கு ஏழு மாதம். அவளைக் கட்டிக்கொண்டு வந்த என் மகன், அதே எல்லையில் நம் சீருடை போட்டுக்கொண்டு நிற்கிறான். இந்த அறிவிப்புக்கு முன்பே முகாமுக்குக் கொண்டுபோகப்பட்ட எதிர்வீட்டுக்காரியிடமிருந்து இரண்டு மாதமாக ஒரு வரிகூட வரவில்லை.

அந்தச் சமயத்தில் உலகமே தலைகால் புரியாமல் ஓடிக்கொண்டிருந்தது. காலைச் செய்தியில் நமக்குத் தோள்கொடுத்த நாடு சாயங்காலச் செய்தியில் தூதரகத்தைப் பூட்டிக்கொண்டு கிளம்பிவிடும். பயந்துபோன அரசாங்கத்துக்குக் கடவுள் தன் பக்கம் இருப்பதாக ஊருக்குக் காட்டியாக வேண்டியிருந்தது. ஆயரோடு ஓர் ஒப்பந்தம் போட்டார்கள்: மன்றாட்டை எழுத்துப் பிசகாமல் வாசித்தால், காவலர்கள் ஆலய வாசலைத் தாண்ட மாட்டார்கள். பிசகினால் அந்த ஆலயத்துக்கு ஒப்பந்தம் இல்லை.

வியாழன் மாலையே ஃபாதர் என் மருமகளைப் பாடகர் மாடத்துக்குப் பின்னால் உடைந்த நாற்காலிகள் போட்டிருந்த அறையில் கொண்டுபோய் வைத்தார். என்னை ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. சாவியைத் தன் இடுப்பில் சொருகிக்கொண்டார்.

சனிக்கிழமை அவரே வந்து குண்டைத் தூக்கிப் போட்டார்.

“என்னால இதை வாசிக்க முடியாதும்மா. பகைவரை நேசியுங்கன்னு சொன்ன அதே இடத்துல நின்னு அவங்களை அழிச்சிடுன்னு எப்படிக் கேக்கிறது? நாளைக்கு இந்தத் தாளைக் கிழிச்சுப் போடப் போறேன்.”

எனக்குச் சுர்ரென்று ஏறியது.

“கிழிங்க ஃபாதர். உங்க மனசாட்சி சுத்தமாயிடும். அரைமணி நேரத்துல மேல ஏறி என் மருமகளை இழுத்துட்டுப் போவாங்க. அதையும் பீடத்துல நின்னு பாத்துக்கிட்டு இருங்க.”

அவர் முகம் செத்துவிட்டது. பேசியது அதிகம் என்று எனக்கே தெரிந்தது, ஆனால் திரும்ப வாங்கிக்கொள்ளவில்லை.

“நீங்க வாசிக்க வேண்டாம். நான் வாசிக்கிறேன். அந்தத் தாள்ல இருக்கிறது என் கைவேலைதானே” என்றேன்.

இங்கே என் பைத்தியத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். எனக்கு ழகரப் பைத்தியம். பாடகர் குழு ‘வாள்த்துவோம்’ என்று பாடினால் கீழே இருந்தே எழுந்து நின்று முறைப்பேன். குழுத் தலைவரை ஊரில் எல்லாரும் சுருதி என்றுதான் கூப்பிடுவார்கள். அவர் என்னிடம் வாங்காத திட்டு இல்லை. மருமகளுக்கு நம் மொழி ஒரே வருடத்தில் வந்துவிட்டது, ழ மட்டும் வரவில்லை. “மளை வருது அத்தே” என்பாள். நாக்கை மடக்கு, இன்னும் கொஞ்சம் மடக்கு என்று பிடுங்கி எடுப்பேன். பாவம், துணி மடிக்கும்போதுகூட நாக்கையும் சேர்த்து மடித்துப் பழகினாள்.

ஞாயிறு காலை, மத விவகாரத் துறை அதிகாரி முதல் வரிசையில் வந்து உட்கார்ந்தார். மடியில் அச்சிட்ட தாள், கையில் பேனா. வாசலில் நான்கு காவலர்கள், வாசற்படிக்கு ஒரு முழம் வெளியே. மேலே மாடத்தில் சுருதி நின்றார். அவருடைய தம்பி போன மாதம்தான் எல்லையில் செத்துப்போனான். சட்டையில் இன்னும் கறுப்புத் துணி குத்தியிருந்தார். அவர் முதுகுக்குப் பின்னால் பத்தடியில் அந்தப் பூட்டிய கதவு.

பிரசங்கம் முடிந்தது. மைக் முன்னால் போய் நின்றேன்.

முதல் வரி நாட்டுக்காக. வாசித்தேன். சபை, “ஆண்டவரே, எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்” என்றது. இரண்டாவது வரி தலைவரின் நீண்ட ஆயுளுக்காக. சபை அதையும் கேட்டருளச் சொன்னது. அதிகாரியின் பேனா வரிவரியாக நகர்ந்தது.

மூன்றாவது வரி. “எல்லைக்கு அப்பாலுள்ள எங்கள் பகைவரை...”

அந்த அறையிலும் ஒரு ஒலிபெருக்கி இருப்பது அப்போதுதான் ஞாபகம் வந்தது. பாடகர்களுக்காக எப்போதோ மாட்டியது. உள்ளே அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருப்பாள். அவளுடைய அம்மா, அப்பா, தங்கை எல்லாரும் எல்லைக்கு அப்பால்தான் இருக்கிறார்கள். நான் சொன்னால் அவள் பிழைப்பாள். சொன்ன பிறகு அவள் முகத்தில் நான் எப்படி விழிப்பேன்?

அதிகாரி தலையைத் தூக்கினார். பேனா நின்றுவிட்டது.

இருபத்தாறு வருடம் மடங்கிப் பழகிய நாக்கை மடக்காமல் வைத்துக்கொண்டேன்.

“...ஒளித்தருளும்.”

சபையில் பாதித் தலைகள் சட்டென்று நிமிர்ந்தன. என்னிடம் திட்டு வாங்கிய தலைகள். சபை பதில் சொல்லவில்லை. ஒரு நொடி, இரண்டு நொடி. அப்புறம் மாடத்திலிருந்து சுருதியின் குரல் தனியாக வந்தது: “ஆண்டவரே, எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்.” மற்றவர்கள் பின்னால் சேர்ந்துகொண்டார்கள். கூரை அதிர்ந்தது. நாலாவது வரியை எப்படி வாசித்தேன் என்று இன்றுவரை தெரியாது.

பூசை முடிந்ததும் அதிகாரி நேரே சுருதியிடம் போனார். நான் இரண்டடி தள்ளி நின்றேன்.

“மூணாவது வரியில ஏன் எல்லாரும் முளிச்சாங்க?”

சுருதி என்னைப் பார்த்தார். என் பிழை அவருக்கு அட்சரசுத்தமாகத் தெரியும். அவர் தம்பியின் கறுப்புத் துணி என் கண்ணுக்கு நேராக இருந்தது.

“அக்கா உச்சரிப்பு அப்படி சார். ஊர்ல அதுக்குப் பேர்போனவங்க. ஒரு எழுத்து பிசகாது.”

அதிகாரி தலையாட்டினார். தாளில் ‘சரி’ என்று குறித்துக்கொண்டு என் பக்கம் திரும்பினார்.

“நல்லா வாசிச்சீங்கம்மா. அவங்களை ஒளிக்கணும். ஒருத்தர் விடாம ஒளிக்கணும்.”

அவருக்கும் ழ வராது. சிரிப்பு தொண்டைவரைக்கும் வந்துவிட்டது. அதை விழுங்க நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். காவலர்கள் வண்டியில் ஏறிப்போனார்கள்.

சுருதி பாட்டுப் புத்தகங்களை அடுக்கிக்கொண்டே, முகத்தைக் காட்டாமல் பேசினார்.

“வியாழக்கிழமையிலிருந்து அந்த ரூம்ல இருமல் சத்தம் கேக்குது அக்கா. இன்னிக்குக் காலையில அந்த ஆளுகிட்ட சொல்லிடலாம்னுதான் வந்தேன். சத்தியமா அதுக்குத்தான் வந்தேன்.” கடைசிப் புத்தகத்தையும் அடுக்கில் வைத்தார். “உள்ள காத்தே வராது. என் வீட்டு ஃபேனை சாயங்காலம் கொண்டுவரேன்.”

எனக்கு அழுகை வந்துவிட்டது. அவருக்கு முன்னாலேயே அழுதேன்.

ஃபாதரிடம் சாவி வாங்கிக்கொண்டு மேலே போனேன். உடைந்த நாற்காலிகளுக்கு நடுவே, சுவரில் சாய்ந்து, ஒலிபெருக்கியைப் பார்த்தபடி அவள் உட்கார்ந்திருந்தாள். என்னைக் கண்டதும் எழுந்திருக்கப் பார்த்தாள். வேண்டாம் என்று பக்கத்தில் உட்கார்ந்தேன்.

“அத்தே,” என்றாள் மெதுவாக, பயந்துகொண்டே. “நீங்க ழவைத் தப்பா சொல்லிட்டீங்க.”

மூன்று வருடத்தில் முதல் தடவையாக அவள் வாயில் அந்த எழுத்து சுத்தமாக வந்திருந்தது.

“இல்லடி,” என்றேன். “அச்சுலதான் தப்பு விழுந்திருந்துச்சு.”