டின் சத்தம்

ஆகஸ்ட் பதினைந்து நாட்டுக்குச் சுதந்திர தினம். எங்கள் காலனிக்கு அது கப் ஜெயித்த நாள். காலையில் பள்ளிக்கூடத்தில் கொடி ஏற்றி மிட்டாய் கொடுப்பார்கள். சாயங்காலம் சமுதாயக் கூடத்தில் கப்பை மேசைமேல் வைப்பார்கள், நான் எழுந்து கோல் சொல்வேன். இருபத்தேழு வருஷமாக இதுதான் நடக்கிறது. நான் ஒரு ஆட்டம்கூட ஆடியவன் இல்லை. ஆனாலும் மானாம்பதி பக்கம் வந்து 'கோல் வசந்த்' வீடு எது என்று கேட்டுப் பாருங்கள், சின்னப் பிள்ளைகூடக் கையைப் பிடித்து அழைத்து வந்து விடும்.

1998-இல் வாலாஜாபாத்தில் ஃபுட்பால் ஃபைனல். எதிரே டவுன் டீம், பதினோரு பேருக்கும் பூட்ஸ், ஒரே நிறத்தில் சட்டை. எங்கள் பசங்கள் அறுப்புக்கும் செங்கல் சூளைக்கும் போய்விட்டு வந்து ஏரிக்குள் தண்ணீர் வற்றிய இடத்தில் பழகியவர்கள். டீமுக்கே ஆறு ஜோடி பூட்ஸ்தான். காலனிப் பசங்கள் ஃபைனல் வரைக்கும் வந்ததே பெரிசு என்று மைக்கிலேயே சொன்னார்கள். அதைக் கேட்டபோது எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது, இப்போது எழுதும்போதும் வருகிறது. ஒன்றுக்கு சைபர் என்று ஜெயித்தோம். கடைசி நிமிஷத்தில் கோல் போட்டவன் ஆனந்தன், என் கூட்டாளி, பக்கத்து வீட்டுக்காரன். அது சுழற்கோப்பை, ஒரு வருஷம் வைத்திருந்து திருப்பித் தரவேண்டும். அடுத்த வருஷம் போட்டியே நடக்கவில்லை. கேட்கவும் ஆள் வரவில்லை, கப் எங்களிடமே தங்கிவிட்டது.

என் வேலை டின் அடிப்பது. எங்கள் டீம் எங்கே ஆடினாலும் ஒரு எண்ணெய் டின்னைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு கோட்டுக்கு வெளியே நின்று அடிப்பேன். டங்-டக்கு-டங். அந்தச் சத்தம் கேட்டால்தான் கால் ஓடுகிறது என்று ஆனந்தன் சொல்வான். கோல் சொல்லும்போதும் டின் உண்டு. "ஆனந்தன் சென்டர்ல பந்த வாங்கறான், டங்! ஒர்த்தன வெட்டறான், டங்! ரெண்டாவது ஆள வெட்டறான், டக்கு-டங்! பூட்ஸ் முனையால ஒரு தட்டு, இடது போஸ்ட்ல பட்டு உள்ள!" அத்தோடு கூடமே எழுந்து நிற்கும். போன வருஷம் பிறந்த குழந்தைகூடக் கை தட்டும்.

இப்போது உண்மையைச் சொல்லிவிடுகிறேன். அந்த கோலை நான் பார்க்கவில்லை.

இரண்டாவது பாதியில் எங்களுக்கு ஒரு பெனால்டி கிடைத்தது. ஆனந்தன் உதைத்தான், பந்து கம்பத்துக்கு மேலே பறந்துபோய் தென்னை மரத்தில் பட்டது. எனக்குக் கண்மண் தெரியாமல் கோபம் வந்துவிட்டது. என் கோபத்தைப் பற்றி என் சம்சாரத்தைக் கேட்டால் ஒரு நாள் பூரா சொல்லுவாள். டின்னைக் கழற்றி, நாங்கள் வந்த டிராக்டருக்கு அடியில் எறிந்துவிட்டுக் கத்தினேன். "நாத்து நடற காலுக்கு எதுக்குடா பூட்ஸு? கயட்டி வச்சிட்டுப் போடா வூட்டுக்கு!" டவுன்காரன் அதைச் சொல்லியிருந்தால் அவன் பல்லை உடைத்திருப்பேன். நான் சொன்னேன். சொல்லிவிட்டு பஸ் ஸ்டாண்டுக்குப் போய் டீ வாங்கிக் குடித்தேன்.

மைதானத்திலிருந்து பெரிய கூச்சல் வந்தபோது டவுன்காரன் போட்டுவிட்டான் என்று நினைத்து அப்படியே உட்கார்ந்திருந்தேன். அப்புறம் சரவெடி கேட்டது. பட்டாசு கொண்டுபோனது நாங்கள் மட்டும்தான். கிளாஸைக் கீழே வைத்துவிட்டு ஓடினேன். போய்ச் சேர்ந்தபோது பரிசு கொடுத்துக்கொண்டிருந்தார்கள். கூட்டத்தில் புகுந்து ஆனந்தன் தோளில் கை போட்டேன், அதே நேரத்தில் போட்டோ எடுத்தார்கள். அந்த போட்டோதான் இத்தனை வருஷமாக எனக்குச் சாட்சி. திரும்பி வரும்போது டிராக்டரில் ஆளுக்கொரு விதமாகக் கோலைச் சொன்னார்கள். அதில் நன்றாக இருந்ததையெல்லாம் பொறுக்கி நான் ஒன்று கட்டினேன். கேப்டன் வீராசாமி அண்ணன் கொடுத்ததுதான் அந்த இடது போஸ்ட்.

இந்த வருஷம் வினை ஆனந்தன் மகள் சுகிர்தா ரூபத்தில் வந்தது. காலேஜ் டீமில் ஆடுகிறாள். வாலாஜாபாத்தில் அந்தக் காலத்தில் வீடியோ எடுத்தவர் வீட்டுக்குப் போய், பரணையைக் குடைந்து, கேசட்டைக் கண்டுபிடித்து, அதைப் பென் டிரைவில் ஏற்றிக்கொண்டு வந்து நின்றாள். பரிசு கொடுப்பதை எடுக்க வந்த மனுஷன் சீக்கிரமே வந்துவிட்டாராம், கடைசிப் பத்து நிமிஷ ஆட்டமும் அதில் இருக்கிறதாம்.

"யாரும் முன்னாடியே பாக்கக் கூடாதுன்னு அப்பா சொல்லிட்டாரு. நானே பாக்கல. நீங்கதான் சித்தப்பா, புரொஜெக்டர் கட்டி வைக்கணும்" என்று பென் டிரைவை என் கையில் கொடுத்தாள். நான் ஒயரிங் வேலை செய்கிறவன், வேறு யாரிடம் கொடுப்பாள்?

இரண்டு நாள் அது என் சட்டைப் பையில் கிடந்தது. கேபிள் வாங்க உத்திரமேரூர் போகிற வழியில் ஏரிக்கரையில் வண்டியை நிறுத்தி, அதைக் கையில் எடுத்து, எவ்வளவு தூரம் எறியலாம் என்றுகூடப் பார்த்தேன். திரும்பி வந்து, "யம்மாடி, இது எங்கனா தொலஞ்சி போச்சின்னா இன்னா பண்ணுவ?" என்று கேட்டேன். "லாப்டாப்ல காப்பி கீது சித்தப்பா, கவலப்படாதீங்க" என்றாள். எவ்வளவு ஆறுதலாகச் சொன்னாள் தெரியுமா.

பதினைந்தாம் தேதி காலையிலிருந்து எனக்கு ஒரு இடத்தில் உட்கார முடியவில்லை. கூடத்துக்குப் போனேன், ஒயரை இழுத்தேன், வீட்டுக்கு வந்தேன், டெஸ்டர் மறந்துவிட்டது என்று திரும்பப் போனேன். டெஸ்டர் என் காதில்தான் இருந்தது.

"ஏன்யா, காத்தாலேர்ந்து இப்டி சுத்திகினு கீற? நாஷ்டாவும் துன்னல, டீயும் ஆறிப் போச்சி. இன்னா ஆச்சி உனுக்கு?" என்றாள் திலகா.

"ஒண்ணும் இல்ல. ஒரே பேஜாரு. வோல்டேஜ் சரியில்ல."

"யாருக்கு?" என்றாள். கட்டின நாளிலிருந்து இப்படித்தான், எங்கே கிள்ளினால் வலிக்கும் என்று தெரிந்து கிள்ளுவாள்.

நான்கு மணிக்குக் கூடம் நிறைந்துவிட்டது. ஜன்னலுக்கெல்லாம் படுதா கட்டி இருட்டாக்கியிருந்தேன். ஆனந்தன் முன் வரிசையில் முழங்காலைத் தேய்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். இப்போது அவன் மேஸ்திரி, சாரம் ஏறி ஏறிக் கால் போய்விட்டது. நான் ஃபியூஸ் கட்டைக்குப் பக்கத்தில் நின்றேன். ஒரு விரல் போதும், இழுத்துவிட்டு கரண்ட் போய்விட்டது என்று சொல்லிவிடலாம். கை அதன்மேலேயே இருந்தது. ஆனந்தன் திரும்பிப் பார்த்து, "போடு வசந்து" என்றான். போட்டேன்.

கோடு கோடாக ஓடி, அப்புறம் மைதானம் வந்தது. "ஐயோ, தோ பாரு, எனுக்கு எவ்ளோ முடி!" என்று வீராசாமி அண்ணன் கத்தினார். செத்துப்போனவர்கள் இரண்டு பேர் கோட்டோரமாக நின்று பீடி பிடித்துக்கொண்டிருந்தார்கள். அவர்கள் வீட்டுப் பெண்கள் அழுதுகொண்டே சிரித்தார்கள். எனக்கு எதுவும் மனதில் ஏறவில்லை. கேமரா பக்கவாட்டில் திரும்பும்போதெல்லாம், நான் நிற்காத இடத்தைக் காட்டிவிடுமே என்று கை ஃபியூஸ் கட்டைக்குப் போனது.

கோல் வந்தது. சென்டரும் இல்லை, வெட்டலும் இல்லை. மழைச் சேற்றில் ஏழெட்டுப் பேர் ஒன்றாக விழுந்து புரண்டார்கள். டவுன் கோல்கீப்பர் வழுக்கினான். பந்து ஆனந்தன் முழங்காலில் பட்டு மெதுவாக, ரொம்ப மெதுவாக உருண்டு, நட்ட நடுவில் கோட்டைத் தாண்டியது. போஸ்ட்டுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை.

கை தட்டத் தூக்கியவர்கள் கையை மெதுவாக இறக்கினார்கள். பிறகு வீராசாமி அண்ணன் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, "கேமராக்காரன் வேற ஏதோ கோல எடுத்துட்டாங்கறேன்" என்றார். எல்லோரும் ஆமாம் ஆமாம் என்றார்கள். இருந்ததே ஒரு கோல்தான் என்பதை யாரும் நினைக்கவில்லை.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. நான் வேறொன்றைப் பார்த்துவிட்டேன். கோல் போட்டு எழுந்து ஓடுகிற ஆனந்தன் காலில் பூட்ஸ் இல்லை. பெனால்டி அடித்தபோது போட்டிருந்தான், அது எனக்கு நன்றாகத் தெரியும். ஆட்டம் முடிந்து நான் போனபோது வெறுங்காலோடு நின்றான், ஆட்டம் முடிந்த பிறகு யார் பூட்ஸோடு நிற்பார்கள் என்று அதை நான் யோசிக்கவே இல்லை. நான் கத்தியது அவனுக்குக் கேட்டிருக்கிறது.

"சித்தப்பா, எல்லா சத்தமும் கேக்குது, உங்க டின் சத்தம் மட்டும் கேக்கவே இல்லியே?" என்றாள் சுகிர்தா. பிள்ளைக்கு எந்த உள்நோக்கமும் இல்லை. கூடமே என் பக்கம் திரும்பியது.

"மைக்கு அந்தாண்ட இருந்திருக்கும்" என்றான் ஆனந்தன், திரையைவிட்டுக் கண்ணை எடுக்காமல். "போய் எல்லாருக்கும் டீ ஊத்தும்மா."

நான் வெளியே போய்க் கூடத்துக்குப் பின்னால் நின்றேன். கொஞ்ச நேரத்தில் ஆனந்தன் காலை இழுத்துக்கொண்டு வந்தான்.

"நான் அங்க இல்லடா" என்றேன்.

"தெரியும்."

"எப்போலேர்ந்து?"

"அப்போலேர்ந்து. டின்னு நின்னு போச்சி இல்ல. சரி, கோவத்துல போயிகிறான், வந்துடுவான்னு காத வச்சிகினே ஆடனேன். கோல் போட்டதும் உன்னத்தான் தேடனேன். டின்னுதான் டிராக்டர் கீய கெடந்துச்சி."

"பூட்ஸு..."

"நீதான கயட்டுன்ன." சிரித்தான். "கோவத்துலதான் கயட்டனேன். ஆனா கயட்டனப்புறம் சேத்துல வழுக்கல. பூட்ஸ் போட்டவன்லாம் வழுக்கி வுயுந்தான்."

எனக்குக் கண்ணில் நீர் முட்டிக்கொண்டு வந்தது. மன்னிப்புக் கேட்கவும் தெரியவில்லை, அதற்குப் பதிலாகக் கோபம்தான் வந்தது. "இருவத்தேயு வருசம் குந்திகினு நான் உடற கதைய கேட்டுகினு இருந்தியே, ஒரு வார்த்த சொல்லக் கூடாதாடா?"

ஆனந்தன் சுவரில் சாய்ந்துகொண்டான். முழங்காலைத் தேய்த்தான்.

"நான் போட்ட கோல்ல நீ இல்ல வசந்து. நீ சொல்ற கோல்ல கீற. எனுக்கு அதத்தான் கேக்கணும்னு இருந்துச்சி."

உள்ளே "கோலு! கோலு!" என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டார்கள். வீடியோவில் பார்த்து ஐந்து நிமிஷம் ஆகவில்லை, அதற்குள் நிஜமான கோலைச் சொல்லச் சொல்கிறார்கள். போனேன். சுகிர்தா டின்னைக் கொண்டுவந்து என் கழுத்தில் மாட்டினாள். ஆனந்தன் தன் இடத்தில் உட்கார்ந்தான். எப்போதும் நான் சென்டரிலிருந்து ஆரம்பிப்பேன். இந்த முறை நாக்கு அங்கே போகவில்லை.

"பெனால்டி மேல போச்சி" என்றேன். "பத்து பேரு தலையில கைய வச்சிகினு நின்னாங்க. ஒர்த்தன் மட்டும் டின்ன தூக்கி டிராக்டர் கீய எறிஞ்சான். ஒதச்சவன பாத்து சொல்லக் கூடாத வார்த்த சொன்னான். சொல்லிட்டு பஸ் ஸ்டாண்டுல போயி டீ குடிச்சான். கோல் வுயுந்தப்ப அவன் அங்க இல்ல."

திலகா தலையைத் தூக்கிப் பார்த்தாள்.

"யாரு சித்தப்பா அது?" என்றாள் சுகிர்தா.

"நான்தான்."

வீராசாமி அண்ணன் நாற்காலி கிறீச்சிட்டது. பின்வரிசையில் யாரோ ஏதோ சொல்ல ஆரம்பித்தார்கள். இருபத்தேழு வருஷமாக நான் பயந்த அந்த முகங்களெல்லாம் அப்படியே என்னைப் பார்த்தன. நான் டின்னைக் கழற்றப் போனேன்.

"இன்னா எல்லாரும் அவன மொறைச்சிகினு கீறீங்க?" என்றான் ஆனந்தன். குனிந்து செருப்பைக் கழற்றி நாற்காலிக்கு அடியில் தள்ளிவிட்டு, காலை நீட்டி உட்கார்ந்துகொண்டான். "அதான் ஓடியாந்துட்டான் இல்ல. அடிடா டின்ன."