குருத்து வெளுத்த புல்

விருத்தாம்பாள் ரப்பர் குழாயின் வாயைக் கட்டைவிரலால் பாதி அடைத்துத் தண்ணீரை விசிறிக்கொண்டிருந்தாள். வெயில் ஏறுவதற்குள் கெஸ்ட் அவுஸின் முன்பக்கம் முழுவதும் நனைந்தாக வேண்டும். எத்தனை நனைத்தும் அரை ஏக்கர் புல்தரை பழுத்த பூவரசு இலையின் நிறத்திலேயே கிடந்தது.

வில்லியனூரை ஒட்டிய அந்த நூற்பாலைக்குக் கெஸ்ட் அவுஸ் கட்டி இரண்டு வருஷம் ஆகிறது. பெங்களூரிலிருந்து லாரியில் புல் கொண்டுவந்து பதித்தார்கள். அதைப் பார்த்துக்கொள்ளத் தினக்கூலிக்கு இரண்டு பெண்கள், விருத்தாம்பாளும் தையலம்மாளும். மூன்று நாளாக விருத்தாம்பாள் மட்டும்தான் வருகிறாள்.

திங்கட்கிழமை மானேஜர் ஏகநாதன் இருவரையும் படிக்கட்டின் கீழே நிற்கவைத்துக் கேட்டார்.

"மூணு தடவை யூரியா குடுத்திருக்கேன். புல்லு இப்படி மஞ்சளா இருந்தா யூரியா எங்க போச்சு?"

தையலம்மாள் யூரியா சாக்கைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு கேட்டைத் தாண்டியதை வாட்ச்மேன் பார்த்திருந்தான்.

"வெறுஞ் சாக்குங்கய்யா. கூரை ஒழுவுது, மேல போடறதுக்கு எடுத்துக்கினு போனன்" என்றாள் தையலம்மாள்.

"உள்ள இருந்த உரம் என்னாச்சுன்னுதான் கேக்கறேன். நாளையிலேருந்து நீ வர வேணாம்."

இருவரும் சேர்ந்துதான் அந்த உரத்தை வீசியிருந்தார்கள். அதைச் சொல்ல விருத்தாம்பாளுக்கு வாய் வரவில்லை. சொன்னால் தனக்கும் வேலை போய்விடும் என்று தலையைக் குனிந்து நின்றாள். தையலம்மாள் ஒருமுறை அவளைத் திரும்பிப் பார்த்துவிட்டுப் போனாள். மூன்று நாளாகச் சோறு இறங்காததற்கு அந்தப் பார்வைதான் காரணம்.

குழாயைக் கீழே போட்டுவிட்டு விருத்தாம்பாள் புல்லில் குந்தினாள். ஒரு தூரைக் கிள்ளி வெளிச்சத்தில் பிடித்தாள். அடியிலை பச்சையாகவே இருந்தது. குருத்து மட்டும் வெளுத்து, அதில் மெல்லிய பச்சைக் கோடுகள் ஓடின. இன்னொன்றைக் கிள்ளினாள். அதுவும் அப்படியே. யூரியா போதாத பயிர் அடியிலையிலிருந்துதான் பழுக்கும். நடவு வயலில் எத்தனை தடவை பார்த்திருக்கிறாள்! கல்யாணத்துக்கு முன்னால் ஏம்பலத்தில் கரும்புக் கொல்லையில் களையெடுத்தபோது ஒரு வருஷம் கரும்பின் குருத்து இப்படித்தான் கோடு கோடாக வெளுத்தது. சுண்ணாம்பு மண்ணில் இப்படித்தான் ஆகும் என்று கொல்லைக்காரர் அன்னபேதி என்ற இரும்பு உப்பைக் கரைத்து அடித்தார். பத்து நாளில் தோகை கரும்பச்சையாகிவிட்டது.

எழுந்து நின்று தரை முழுவதையும் பார்த்தாள். எல்லா இடமும் ஒரே மஞ்சள் இல்லை. குரோட்டன்ஸ் செடிகள் பக்கம் மூலையில் வெள்ளையாகவே இருந்தது. அங்கேதான் சுண்ணாம்புக் குழி இருந்தது. கட்டடம் எழும்பியபோது அவள் அங்கே சித்தாள். நீற்றிய சுண்ணாம்பைப் பாண்டுச் சட்டியில் சுமந்து உள்ளங்கை வெந்துபோன இடம். வேலை முடிந்ததும் மிச்சச் சுண்ணாம்பையும் காரையையும் அங்கேயும் சுற்றிலும் தள்ளி, மேலே ஒரு சாண் மண்ணைக் கொட்டி நிரவினார்கள்.

மறுநாள் மானேஜரிடம் சொன்னாள்.

"ஐயா, இது உரம் இல்லாத கொறை இல்லீங்க. குருத்துதான் வெளுக்குது. அடியில சுண்ணாம்பு கெடக்குது. அன்னபேதி தெளிச்சா..."

"நீ என்ன அக்ரி ஆபீசரா? சேர்மன் இருபதாந்தேதி வர்றாரு. இன்னொரு மூட்டை யூரியா வருது. நானே பக்கத்துல நின்னு பாக்கறேன், எப்படிப் பச்சையாகலேன்னு."

சொன்னபடியே நின்றார். கைக்குட்டையைத் தலையில் போட்டுக்கொண்டு, அவள் வீசிய ஒவ்வொரு பிடியையும் பார்த்தார். கடைசியில் வெறுஞ் சாக்கைத் தானே வாங்கி மடித்துக்கொண்டு போனார்.

அன்று சாயங்காலம் விருத்தாம்பாள் வில்லியனூர் நாட்டு மருந்துக் கடையில் அன்னபேதி வாங்கினாள். பச்சைக் கற்கண்டு மாதிரி இருந்தது. அடுத்த நாள் வெயில் தாழ்ந்ததும் ஒரு குடம் தண்ணீரில் ஒரு பிடியைக் கரைத்து, திரிந்துவிடாமலிருக்க எலுமிச்சம்பழம் பிழிந்து, பூவாளியில் ஊற்றிக் குரோட்டன்ஸ் மூலையில் ஒரு பாய் அகலத்துக்கு மட்டும் தெளித்தாள். நாலு நாள் கழித்து மறுபடியும் தெளித்தாள்.

யூரியாவுக்குப் புல் மளமளவென்று வளர்ந்தது. ஒருநாள் விட்டு ஒருநாள் புல்வெட்டும் மெஷினைத் தள்ள வேண்டியிருந்தது. வெட்ட வெட்ட முன்னைவிட வெளுப்பாகத் துளிர்த்தது.

எட்டாம் நாள் காலையில் ஏகநாதன் வந்தார். மூலையில் பச்சைப் பாயை விரித்ததுபோல் ஒரு துண்டு கிடந்தது. பக்கத்தில் போய்ச் செருப்பு முனையால் தடவிப் பார்த்தார்.

"இது என்ன?"

"நான் சொன்ன மருந்துங்க."

குனிந்து ஒரு தூரைக் கிள்ளிப் பார்த்தார். பிறகு, "முழுக்க அடிச்சிடு. இன்னும் பத்து நாள்தான் இருக்கு" என்றார்.

விருத்தாம்பாளின் கை முந்தானையைப் பிடித்துக்கொண்டது. இந்தத் தடவை அவள் தலையைக் குனியவில்லை.

"ஒரு ஆளால ஆவாதுங்கய்யா. தையலம்மா வரணும்."

"வேற ஆள் போடறேன்."

"வேற ஆளுக்கு நான் சொல்லித் தர மாட்டன். அந்த யூரியாவ அவளும் நானும்தான் வீசனோம். இந்தத் தடவ நீங்களே நின்னு பாத்தீங்களே, பச்சையாச்சா? அவ எடுக்கலீங்க. அன்னைக்கே சொல்லாதது என் தப்பு."

ஏகநாதன் மஞ்சள் தரையைப் பார்த்தார். பச்சைத் துண்டைப் பார்த்தார். "சரி, வரச் சொல்லு" என்று படியேறியவர், பாதியில் திரும்பினார். "வராத நாளுக்குக் கூலி கிடையாது."

தையலம்மாள் முதலில் வர மறுத்தாள். அடுப்பு ஊதிக்கொண்டே, "திருடின்னு சொன்ன எடத்துக்கு இன்னாத்துக்குக்கா நான் வரணும்?" என்றாள்.

"நீ எடுக்கலேன்னு அந்தாளு மூஞ்சிக்கு நேரா சொல்லிட்டன். மின்னாடியே சொல்லியிருக்கணும். பயந்துட்டன்டி."

தையலம்மாள் ஊதுகுழலைக் கீழே வைத்தாள். "வூட்டுக்காரரு கேட்டாரு, கூட வேல செய்யறவ ஒண்ணும் சொல்லலியான்னு." கண்ணைத் துடைத்துக்கொண்டாள். புகையாகவும் இருக்கலாம். "எத்தினி மணிக்கு வரணும்?"

இரண்டு பேரும் ஐந்து சாயங்காலம் தெளித்தார்கள். நனைந்த புல்லில் வெறுங்காலோடு நடந்து, சிமெண்டுப் பாதையைத் தாண்டிக் குழாயடியில் பூவாளியை நிரப்பிக்கொண்டு திரும்பினார்கள். விரல் நகங்கள் கறுத்தன. ஆறாம் நாள் ஓரங்கள் பச்சை பிடித்தன. ஒன்பதாம் நாள் தரை முழுவதும் நாற்றங்கால் போல நின்றது. தையலம்மாள் புல்லில் உட்கார்ந்து இரண்டு கையாலும் அதைத் தடவினாள்.

"மாட்டுக்குப் போட்டா எப்பிடித் தின்னும் தெரியுமாக்கா!" என்றாள். இருவரும் சிரித்தார்கள்.

சேர்மன் வருகிற அன்று காலையில்தான் ஏகநாதன் பாதையைக் கவனித்தார். சிமெண்டு முழுவதும் துரு நிறத்தில் காலடிகள்.

"என்ன அசிங்கம் இது? கார் வர்றதுக்குள்ள தேய்ச்சு எடுங்க."

செங்கல் தூளும் தேங்காய் நாரும் வைத்துத் தேய்த்தார்கள். முட்டி சிவந்ததுதான் மிச்சம். அன்னபேதி உப்பு துருவாகிச் சிமெண்டுக்குள் இறங்கியிருந்தது.

"விடுக்கா, போவாது" என்றாள் தையலம்மாள். "அந்தப் பெரிய காலு உன்துதான்."

கேட்டில் ஆரன் சத்தம் கேட்டதும் அவர்களைப் பம்பு செட்டுக்குப் பின்னால் போகச் சொன்னார்கள். அங்கிருந்து எட்டிப் பார்த்தார்கள். காரிலிருந்து இறங்கிய சேர்மன் புல்லைப் பார்த்து அப்படியே நின்றார். பிறகு மானேஜரின் கையைப் பிடித்துக் குலுக்கினார். ஏகநாதன் சிரித்துக்கொண்டே ஏதோ சொன்னார். இருவரும் பேசியபடி நடந்தார்கள். அவர்களுடைய பூட்சுகளுக்கு முன்னால், படிக்கட்டு வரைக்கும், நாலு வெறுங்கால்கள் துரு நிறத்தில் வரிசையாகப் போயிருந்தன.