பாலத்துக்கு ஒரு சாண்

படகு தன்னிடம் இருக்குமா போகுமா என்பது கண்ணாடிக்கடைக்காரருக்கு அன்று மாலை தெரிந்துவிடும். ஞாயிறானால் அந்தச் சின்னப் பாய்ப்படகில் ஏறி, ஆற்றோடு கழிமுகம்வரை போய், ஒரு வார்த்தை பேசாமல் திரும்புவதுதான் அவருடைய ஒரே சுகம். அவர் மனைவி ஆஸ்பத்திரியில் நர்ஸ். படகை விற்கச் சொல்லி மூன்று மாதமாக நச்சரித்தவள், கடைசியில் ஒரு நிபந்தனைக்கு இறங்கி வந்தாள்.

"நானும் ஒரு தடவை வரேன். அஞ்சு மணிக்கு எனக்கு டூட்டி. அதுக்குள்ள கொண்டுவந்து சேர்த்துட்டா, அப்புறம் வாயே திறக்க மாட்டேன். லேட்டாச்சுன்னா, அண்ணன் பார்த்து வெச்சிருக்கிற ஆளுக்குக் கொடுத்திடணும்."

சாட்சிக்கு அந்த அண்ணனும் வந்தார். அவர் காலை வைத்ததும் படகு ஒரு பக்கமாகச் சரிந்தது.

"மாப்ளே, இது படகா ஊஞ்சலா?"

"உட்கார்ந்தா சரியாயிடும், மச்சான்."

"பார்றா! ஊமைக்கோட்டான் பேசிட்டாரு!"

பாலத்தைத் தாண்டியதும் ஆறு அகன்றது. தேநீர் நிறத் தண்ணீர் மெல்லப் பச்சையானது. காற்றில் உப்பு ஏறியது. அவிழ்ந்த கயிறு ஒன்றைக் கட்டுவதற்காகச் சுக்கானை மனைவி கையில் கொடுத்தார். அந்த நேரம் பார்த்துப் பாய் புடைத்தது. படகு சாய்ந்து, தண்ணீரைக் கிழித்துக்கொண்டு பறந்தது. அவள் வாய்விட்டுச் சிரித்தாள்.

"அந்த மணல்திட்டு வரைக்கும் போலாங்க."

திட்டு வந்தது. பறவைகள் கூட்டமாக எழும்பின. "அதோ, அடுத்தது வரைக்கும்."

அவர் கடிகாரத்தைப் பார்த்தார். கடல்நீர் ஆற்றுக்குள் ஏறத் தொடங்கிவிட்டது. ஆறு உயர்ந்துவிட்டால் பாய்மரம் பாலத்தில் இடிக்கும். 'போதும், திருப்பு' என்று இரண்டு வார்த்தை சொன்னால் போதும். ஆனால் அவள் இப்படிச் சிரித்து எத்தனை வருடமாயிற்று? அடுத்த திட்டை நோக்கிப் பாயை இழுத்துக் கட்டினார்.

பாலத்துக்குத் திரும்பியபோது மணி நாலரை. காலையில் தாராளமாக இருந்த இடைவெளி இப்போது பாய்மரத்துக்கு ஒரு சாண் போதவில்லை. இறங்கி நடக்கவும் வழியில்லை. இரு கரையிலும் இடுப்பளவு சேறு. நீரோட்டம் படகைப் பாலத்தை நோக்கித் தள்ளியது.

"போச்சு! அந்த ஆளுக்கு போன் போட்டுடட்டுமா?" என்றார் மச்சான்.

கண்ணாடிக்கடைக்காரர் பாயைச் சுருட்டிக் கட்டினார். பிறகு, வாழ்நாளில் முதல்முறையாகக் கத்தினார்.

"மச்சான்! இந்த விளிம்புல ஏறி உட்காருங்க! உடம்பை வெளியே சாய்ங்க! நீயும் போ!"

திகைப்பிலேயே இருவரும் ஏறினார்கள். படகு சரிந்தது. பாய்மரம் தலை குனிந்தது.

"இன்னும்!"

"மாப்ளே, என் பின்பக்கம் தண்ணில முங்குது!"

"முங்கட்டும்! இன்னும்!"

பாய்மரத்தின் நுனி பாலத்தின் இரும்பு உத்தரத்தை உரசியது; துருத்தூள் மூவர் தலையிலும் கொட்டியது. அடுத்த கணம் வெயில்.

"அண்ணே, நீ இத்தனை வருஷம் சாப்பிட்டது இன்னிக்குத்தான் உருப்படியா உதவுச்சு!"

படித்துறையில் அவள் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு குதித்தாள். மணி ஐந்தாகப் பத்து நிமிடம். ஓடியவள் திரும்பிக் கத்தினாள்: "அடுத்த ஞாயிறு எனக்கு லீவுங்க!"

மச்சான் கால்சட்டையைப் பிழிந்துகொண்டிருந்தபோது அவர் போன் அடித்தது; படகு வாங்க இருந்த ஆள்தான்.

"அந்தப் படகுங்களா? அது உங்களுக்குச் சரிப்படாதுங்க. என்னை மாதிரி கனத்த ஆள் ஒருத்தர் கூட இல்லாம பாலம் தாண்டாது."

கண்ணாடிக்கடைக்காரர் பலகையில் மச்சான் உட்கார இடம் விட்டு நகர்ந்துகொண்டார்.