குதிகால் படாத வீடு

"ஸ்டாண்டைத் தொடாதீங்க!"

அறை குறுகல். கொழுந்தன் தலைமாட்டிலும் பக்கத்து வீட்டு எலக்ட்ரீஷியன் கால்மாட்டிலும் பிடித்து அவரை ஹாலுக்குத் தூக்கிக்கொண்டு போய்க்கொண்டிருந்தார்கள். எலக்ட்ரீஷியனின் இடுப்பு கேமரா ஸ்டாண்டில் இடிக்கப்போன நேரத்தில்தான் அவள் அப்படிக் கத்தினாள். இரண்டு ஆண்களும் பிணத்தை அந்தரத்தில் வைத்துக்கொண்டு அசையாமல் நின்றுவிட்டார்கள். புருஷன் விழுந்து கிடந்ததைப் பார்த்தபோதுகூட அவளுக்கு அந்தச் சத்தம் வரவில்லை.

"பாவம், அவர் பொருள் மேல எவ்ளோ பாசம்" என்றாள் எலக்ட்ரீஷியனின் மனைவி.

பாசமாம்! முப்பத்திரண்டு வருஷத்துப் பயம் அது. வாயைத் திறந்ததும் முதலில் அதுதான் வெளியே வந்தது. தன் வாயிலேயே ஒன்று போட்டுக்கொள்ளலாம் போலிருந்தது அவளுக்கு.

அவரைத் தூக்கிப் போன பிறகு ஸ்டாண்டின் தலையில் இருந்த கேமரா 'க்ளிக்' என்றது. அதை நிறுத்த யாருக்கும் தெரியவில்லை. தெரிந்தாலும் கை நீண்டிருக்காது.

அவர் பொம்மைப் படம் எடுப்பவர். பொம்மையை நூலளவு நகர்த்தி ஒரு படம், இன்னும் நூலளவு நகர்த்தி இன்னொரு படம். பன்னிரண்டு படம் சேர்ந்தால் ஒரு நொடி. அத்தனைக்கும் கேமரா மயிரிழைகூட அசையக் கூடாது. அசைந்தால், ஓட்டிப் பார்க்கும்போது வீடு வாசலெல்லாம் குலுங்கும். அதற்காக ஸ்டாண்டின் மூன்று கால்களையும் டேப் போட்டுத் தரையோடு ஒட்டி, நடுவில் மணல் பை தொங்கவிட்டு, சுற்றிலும் சாக்பீஸால் கோடு கிழித்திருந்தார். போதாததற்கு, வாய்த்த வீடு கடைக்கு மேலே இருந்த மரத்தரை வீடு. ஹாலில் யாராவது குதிகாலை ஊன்றி நடந்தால் அறைக்குள் பொம்மையின் தொப்பி ஆடும்.

மகளுக்கு ஏழு வயதாக இருந்தபோது பள்ளிக்கூடத்து ஓட்டப் பந்தயத்தில் ஒரு கோப்பை கிடைத்தது. அதைத் தூக்கிக்கொண்டு படியேறி ஹாலில் ஓடி வந்தாள். ஒன்பது நாள் எடுத்த படம் பாழ். அவர் அடிக்கவில்லை, மகராசன். அடித்திருந்தால் அன்றோடு போயிருக்கும். பதினோரு நாள் தாயிடமும் பேசவில்லை, பிள்ளையிடமும் பேசவில்லை. பன்னிரண்டாம் நாள் அறைக்கு வெளியே ஒரு சிவப்பு பல்பு மாட்டினார். அது எரிந்தால் கதவைத் தட்டக் கூடாது, கூப்பிடக் கூடாது, குதிகால் தரையில் படக் கூடாது. சொல்ல வேண்டியதைத் துண்டுச்சீட்டில் எழுதிக் கதவுக்கு அடியில் தள்ள வேண்டும். அந்தக் கோப்பையில் அவர் திருகாணி போட்டு வைத்தார்.

மகள் கல்யாணமாகிப் போன வீட்டில் மாமியார் ஒருநாள் போன் போட்டு, "உங்க பொண்ணு பூனை மாதிரி பின்னாடி வந்து நிக்கிறா. எனக்கு உசுரே போகுது" என்றாள். இவள் சிரித்து மழுப்பினாள். என்னவென்று சொல்வது?

சாயங்காலம் அதே மகள் வந்து அப்பாவின் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தாள். அடுத்த தெரு டாக்டர் மதியமே வந்து பார்த்துவிட்டுப் போயிருந்தார். "உடனே போயிருக்கும்மா. ஒரு நொடி. அவருக்கே தெரிஞ்சிருக்காது" என்றார். அந்த 'உடனே'யைத்தான் இவள் இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தாள். அது மட்டும் உண்மையாக இருந்துவிட்டால் போதும்.

கொழுந்தன் பஸ் ஓட்டுகிறவர். மனதில் பட்டதை ஹாரன் மாதிரி அடித்துவிடுவார்.

"ஏன் அண்ணி, டாக்டர் காலைலயே போயிருக்கணும்னு சொல்றாரு. நீங்க ரெண்டே முக்காலுக்குத்தான் கதவைத் தொறந்திருக்கீங்க. அவ்ளோ நேரம் வீட்லதானே இருந்தீங்க?"

"லைட் எரிஞ்சுது."

"எரிஞ்சா? விழுந்த சத்தம்கூடவா கேக்கல?"

அவள் வாயைத் திறப்பதற்குள் மகள் முந்திக்கொண்டாள். "சத்தமே கேட்டிருக்காது சித்தப்பா. கதவு கனமான கதவு."

அவள் மகளைப் பார்த்தாள். மகள் அப்பாவின் காலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அன்று காலை பதினொன்று பத்துக்கு மகள் போன் செய்திருந்தாள். கொடுத்துவிட்ட ஊறுகாய் ஜாடியைப் பற்றி ஏதோ கேட்டுக்கொண்டிருந்தாள். இவள் வழக்கம்போல ரகசியக் குரலில் பதில் சொல்லிக்கொண்டிருந்தபோதுதான் அறைக்குள் 'தொம்' என்றது. போனில் மகளுக்கே கேட்டது.

"என்னம்மா அது?"

"எதையோ போட்டு உடைக்கிறாரு. நீ போன் பண்ணது கேட்டிருக்கும். கோவம்."

"போய்ப் பாரேன்."

"பல்பு எரியுதுடி. போனா கொன்னுடுவாரு."

மகள் ஒரு நிமிஷம் யோசித்துவிட்டு, "சரி, அப்புறம் பேசறேன்" என்று வைத்துவிட்டாள். அவளும் இந்த வீட்டில் வளர்ந்தவள்தானே.

அதற்குப் பிறகு இவள் அந்தக் கதவுக்கு எதிரே முக்காலியில் உட்கார்ந்து பொம்மைக்கு ஒரு கோட்டு தைத்தாள். ஒரு மணிக்கு ஒரு சீட்டு தள்ளினாள்: 'சாப்பாடு ரெடி.' இரண்டு மணிக்கு ஒன்று: 'ஆறிப்போச்சு.' இரண்டரைக்கு மூன்றாவது: 'இன்னும் என்ன கோபம்?' பதில் வரவில்லை. பதினோரு நாள் பேசாதவர் மூன்று மணி நேரம் பேசாமல் இருந்தால் அதில் என்ன அதிசயம்? கடைசியில், வருவது வரட்டும் என்று கைப்பிடியைத் திருகினாள்.

மூன்று சீட்டும் கதவோரம் கிடந்தன. ஆட்களைக் கூப்பிடும் முன்னால் அவள் முதலில் செய்த காரியம் அவற்றைப் பொறுக்கி ரவிக்கைக்குள் செருகிக்கொண்டதுதான்.

மறுநாள் காலை வண்டி வந்தது. எல்லாம் முடிந்து, கொழுந்தன் உட்பட எல்லோரும் அவரவர் வீட்டுக்குப் போன பிறகு, மதியம் தாயும் மகளும் மட்டும் இருந்தார்கள். வீடு அமைதியாக இருந்தது. அது புதிதில்லை. அரை நிமிஷத்துக்கு ஒருமுறை அறைக்குள் 'க்ளிக்' கேட்டது.

"அது எப்படிம்மா தானா எடுக்குது?"

"அவருக்குக் கை நடுங்க ஆரம்பிச்சிடுச்சு. பட்டனைத் தொட்டாலே கேமரா ஆடுதுன்னு, அரை நிமிஷத்துக்கு ஒருதரம் தானா எடுக்கிற மாதிரி பண்ணிட்டாரு. அதுக்குள்ள பொம்மையை நகர்த்திட்டு நகர்ந்துக்கணும். தன் கையையே நம்பல, அந்த மனுஷன்."

சொல்லி முடித்த பிறகுதான் அவளுக்கு உறைத்தது. மகளுக்கும் அதே நேரத்தில் உறைத்திருக்க வேண்டும். அப்படியானால் கேமரா நேற்று முழுக்க எடுத்துக்கொண்டே இருந்திருக்கிறது.

"பாக்கலாமாம்மா?"

"வேண்டாம்." பிறகு அவளே எழுந்தாள். "பாத்துடலாம். டாக்டர் சொன்னது சரிதானான்னு தெரிஞ்சா போதும்."

அறைக்குள் போய், கேமராவோடு இணைத்திருந்த கம்ப்யூட்டரில் மகள் படத்தை ஓட்டினாள். கிழவன் பொம்மை ஒன்று படியேறி வருகிறது. இவள் தைத்த கோட்டுதான். மூடிய கதவு ஒன்றின் முன்னால் நின்று, தட்டுவதற்குக் கையைத் தூக்குகிறது. கை கதவுக்கு ஒரு விரல் தூரம் போனதும் படம் ஒருமுறை உதறியது. அதற்குப் பிறகு எதுவும் நகரவில்லை. கை அப்படியே நிற்கிறது. முப்பத்தைந்து நொடி. இவள் கதவுக்கு வெளியே உட்கார்ந்திருந்த மூன்றரை மணி நேரமும் அந்த முப்பத்தைந்து நொடிக்குள் அடங்கியிருந்தது. கடைசியில் படத்தின் ஓரத்தில் இவளுடைய முழங்கை வந்தது.

"உடனேதான் போயிருக்கு" என்றாள் அவள். மூச்சு வந்தது.

மகள் படத்தை நிறுத்தினாள். பின்னால் தள்ளி, படம் உதறிய இடத்திலிருந்து ஒவ்வொன்றாகத் தட்டினாள். ஒன்று. இரண்டு. மூன்றாவதில் மேசையின் விளிம்பில், பொம்மையின் காலுக்குப் பக்கத்தில், நான்கு விரல்கள் இருந்தன. அடுத்ததில் விரல்கள் சற்றே வலப்பக்கம். அதற்கடுத்ததில் நகம் வெளுத்திருந்தது. ஓடும்போது அரை நொடி. கண்ணில் பட்டிருக்காது.

"எத்தனை?"

"ஏழு படம்மா."

அவளுக்குக் கணக்கு வரும். மூன்றரை நிமிஷம்.

"மேசை ஆடிச்சா? பாத்து சொல்லு."

மகள் ஏழையும் முன்னும் பின்னும் தட்டினாள். பொம்மை, படி, கதவு, தெருவிளக்கு எல்லாம் வைத்தது வைத்தபடி இருந்தன. விரல்கள் மட்டும்தான் நகர்ந்தன. மேசை விரிப்பின் நுனி அந்த விரல்களுக்குள்ளேயே இருந்தது.

"இழுக்கலையா?"

"இல்லம்மா."

"ஒரே ஒரு இழு! எல்லாம் கொட்டியிருக்கும். கண்ணாடி வெச்ச வீடெல்லாம் இருக்கு அதுல. ஸ்டாண்டு கையெட்டுற தூரத்துல இருந்துச்சு, அதைத் தள்ளியிருந்தாலாவது கேமரா விழுந்துட்டுதேன்னு ஓடி வந்திருப்பேனே! நீ விழுந்தா வரமாட்டேன், கேமரா விழுந்தா வருவேன்னு உனக்குத் தெரியாதா? நீ பழக்கி வெச்சதுதானே?"

கணவரை அவள் 'நீ' என்று சொன்னது அதுதான் முதல் தடவை. மகள் திரும்பிப் பார்க்கவில்லை. கேமரா 'க்ளிக்' என்றது.

ரவிக்கைக்குள்ளிருந்து சீட்டுகளை எடுத்தாள். வியர்வையில் நைந்து போயிருந்தன. மூன்றாவதை விரித்துப் பார்த்துவிட்டுக் கசக்கித் தரையில் போட்டாள். ஸ்டாண்டைப் பார்த்தாள். ஓர் உதை போதும். காலைத் தூக்கினாள். சாக்பீஸ் கோட்டுக்கு இந்தப் பக்கமே கால் நின்றுவிட்டது. சீ, என்ன ஜென்மம் இது!

"ஓடு" என்றாள் மகளிடம்.

"என்னம்மா?"

"ஹாலுக்குப் போ. இந்தக் கோடியிலேருந்து அந்தக் கோடி வரைக்கும் ஓடு. அன்னிக்குக் கோப்பையைத் தூக்கிட்டு ஓடி வந்தியே, அப்படி ஓடு. எல்லாம் ஆடணும். ஆடி, ஒரு படமாவது கெடணும்."

மகள் தயங்கினாள். பிறகு புடவையைச் சற்றுத் தூக்கிச் செருகிக்கொண்டு வெளியே போனாள். முப்பத்தோரு வயதுக்காரி.

இவள் திரைக்கு முன்னால் நின்று காத்திருந்தாள். பொம்மையின் கை கதவுக்கு ஒரு விரல் தூரத்தில் இருந்தது. க்ளிக். புதிய படம் வந்தது. பழைய படமும் புதிய படமும் ஒன்றுபோல் இருந்தன. தொப்பிகூட ஆடவில்லை.

"ஓடச் சொன்னேனே!"

"ஓடினேம்மா." ஹாலிலிருந்து மூச்சிரைக்கும் குரல் வந்தது. "ரெண்டு தடவை ஓடினேன்."

"சத்தமே கேக்கலையே."

மகள் அறை வாசலில் வந்து நின்றாள். நெற்றியில் வியர்வை. சிவப்பு பல்பு இன்னும் எரிந்துகொண்டிருந்தது. இருவரும் ஒரே நேரத்தில் குனிந்து மகளுடைய பாதங்களைப் பார்த்தார்கள். அவள் நுனிவிரலில் நின்றுகொண்டிருந்தாள்.