முழுக்கோடு

சைரன் அலறியபோது, பெட்டியைத் தூக்கக் குனிந்திருந்த ஆறு பேரும் குனிந்தபடியே நின்றுவிட்டார்கள்.

கூடத்தில் அழுதுகொண்டிருந்தவர்களின் குரலும் பாதியில் அறுந்தது. வனக்குழு அலுவலகத்துக் கூரைமேல் இருக்கும் சைரன் அது. ஒரு தடவை நீளமாக ஒலித்தால் கூட்டம். விட்டுவிட்டு மூன்று தடவை ஒலித்தால் காட்டில் தீ. எல்லோரும் மனதுக்குள் எண்ணினார்கள். ஒன்று. இரண்டு.

மூன்று.

ஆறு பேரின் கண்களும் பழக்கதோஷத்தில் பெட்டிக்குள் போயின. மூன்று சைரன் கேட்டால் அடுத்து என்ன செய்வது என்று சொல்கிறவர் அங்கேதான் படுத்திருந்தார்.

அலமாரிமேல் சார்ஜரில் கிடந்த அவருடைய வாக்கி டாக்கி கரகரத்தது. காவல் கோபுரத்திலிருந்து ஒரு குரல்: "கிழக்கால புகை. பன்னெண்டாம் எல்லைக் கல்லுக்கு மேல. காத்து நம்ம பக்கம்தான் அடிக்குது."

பெட்டியின் கால்மாட்டில் உட்கார்ந்திருந்த மனைவி வாக்கி டாக்கியை நிமிர்ந்து பார்த்தாள். கிழக்கு. எத்தனை பக்கம் இருக்கிறது அந்தக் காட்டுக்கு! இன்றைக்குப் பார்த்துக் கிழக்கா?

மலர்வளையத்தோடு வந்திருந்த பெரிய அதிகாரி கேட்டார். "வேற ஆளுங்க இல்லையா? இவங்கதான் போகணுமா?"

"படையே இதான் சார்" என்றான் சுருட்டை. இறந்தவரின் தம்பி. தலைமுடியால் வந்த பெயர். "ஏழு பேரா இருந்தோம்."

யாரும் நகரவில்லை. மாமியார்தான் மூக்கைச் சிந்திவிட்டு நிமிர்ந்தாள்.

"என்னடா பாத்துக்கிட்டு நிக்கிறீங்க? போங்க. அவன் எங்கயும் ஓடிட மாட்டான். அவனா இருந்தா இந்நேரம் பூட்ஸை மாட்டியிருப்பான்."

ஆறு பேரும் பெட்டியை விட்டுக் கையை எடுத்தார்கள். வாசலில் பூட்ஸ்கள் தேடப்படும் சத்தம். சுருட்டை மட்டும் வந்து அவள் எதிரே குத்துக்காலிட்டு உட்கார்ந்தான்.

"அண்ணி, மன்னிச்சுக்குங்க. இந்த நேரத்துல கேக்கக் கூடாது. கிழக்க பதினாலுலருந்து பதினெட்டாம் கல்லு வரைக்கும் முழுக்கோடுதானே? அதுல நின்னு எதிர்த்தீ வச்சுடலாம்ல?"

"நல்லா கேட்ட போ!" வாசலிலிருந்து ஒருவன் பூட்ஸ் கயிற்றை இழுத்துக்கொண்டே சொன்னான். "மேப் அண்ணி கோடு போட்டா ரயில் தண்டவாளம் மாதிரிடா. நடந்து பாக்காம பேனாவையே தொட மாட்டாங்க."

"அந்த மேப்பை வெள்ளிக்கிழமையே கையெழுத்துப் போட்டு மேல அனுப்பிட்டேன்" என்றார் அதிகாரி, ஆறுதல் சொல்வதுபோல. "எல்லாம் கரெக்டா இருந்துச்சு."

அவள் வாயைத் திறந்தாள். எதிரே சுருட்டையின் சிவந்த கண்கள். முதுகுக்குப் பின்னால் அதிகாரி. பக்கத்தில் மாமியார். தலை தானாக மேலும் கீழும் அசைந்தது.

"போதும் அண்ணி" என்று எழுந்து ஓடினான்.

ஜீப் தெருமுனை திரும்பும் சத்தம் கேட்டது.

ஊர்க்காட்டின் வரைபடங்களைப் பதினோரு வருடமாக வரைந்து வருபவள் அவள். அவர் தீக்காவல் படைக்குத் தலைவர். ஒவ்வொரு கோடைக்கு முன்னும் காட்டைச் சுற்றி ஐந்து மீட்டர் அகலத்துக்குச் செடி, சருகு, வேர் எல்லாம் வெட்டி வாரி வெறும் மண் தெரியும்படி தீத்தடுப்புக் கோடு போடுவார்கள். வெட்டி முடித்த இடத்துக்கு வரைபடத்தில் முழுக்கோடு. முடிக்காத இடத்துக்குப் புள்ளிக்கோடு. அவ்வளவுதான் கணக்கு. தீ வரும்போது படை முழுக்கோட்டில் நின்றுகொண்டு எதிர்ப்பக்கச் சருகைத் தானே கொளுத்திவிடும். இரண்டு தீயும் ஒன்றையொன்று தின்று அடங்கும். ஆனால் கோட்டில் ஓர் இடைவெளி இருந்தால், வைத்த தீயே அந்தச் சந்தில் புகுந்து படையின் முதுகுப் பக்கம் வந்துவிடும். முன்னாலும் நெருப்பு, பின்னாலும் நெருப்பு.

பதினாலாம் கல்லுக்கும் பதினைந்தாம் கல்லுக்கும் நடுவே அப்படியொரு இடைவெளி இருந்தது. நாற்பது அடி தூரம்தான். முழுக்க முள்ளும் உண்ணிச்செடியும் பின்னிக் கிடக்கிற சரிவு.

'கடைசித் துண்டை நானே பாத்துக்கறேன், நீங்க மேற்க போங்க' என்று படையை அனுப்பியவர் அவர்தான். திங்கட்கிழமை முடிப்பதாகச் சொன்னார். மேலிடத்துக்கு வரைபடம் போக வெள்ளிக்கிழமை கடைசி நாள். புள்ளிக்கோடு இருந்தால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். திருப்பினால் இந்தப் பருவத்துக்குக் காட்டைப் பராமரிக்கும் அனுமதி தள்ளிப்போகும். நாற்பது அடிதானே என்று நினைத்தாள். மூன்று நாள்தானே என்று நினைத்தாள். வாழ்க்கையில் முதல் தடவையாக, நடந்து பார்க்காத இடத்தில் பேனாவை ஓடவிட்டாள்.

சனிக்கிழமை சாயங்காலம் அறிவிப்புப் பலகையில் வரைபடத்தைப் பார்த்துவிட்டு அவர் வீட்டுக்கு வந்தார்.

"கோடு காட்டுல இருக்கணும். காகிதத்துல இல்ல."

"அப்ப காட்டுல போடுங்க. யாரு வேணாம்னது? உங்களாலதான் நான் பொய்க்காரி ஆகி நிக்கிறேன்."

"நல்லாருக்கே. போட்டது நீ, திட்டு எனக்கா?" என்று சிரிக்கப் பார்த்தார். அவள் சிரிக்கவில்லை.

ஞாயிறு காலையில் நெஞ்சைத் தடவிக்கொண்டு, "வாயு பிடிச்ச மாதிரி இருக்கு" என்றார். "வேலைன்னா உங்களுக்கு வாயு வந்துடும்" என்றாள் இவள். சாப்பிட்டுவிட்டு, தண்ணீர் பாட்டிலைத் தானே நிரப்பிக்கொண்டு, மண்வெட்டியும் அரிவாளுமாகத் தனியாகக் கிளம்பிப் போனார். எப்போதும் இவள்தான் நிரப்பித் தருவாள். அன்றைக்குத் தரவில்லை.

விளக்கு வைத்த பிறகு திரும்பி வந்தவர் நின்றபடியே மூன்று சொம்புத் தண்ணீர் குடித்தார். பாட்டில் எங்கே என்று கேட்க வாய் வந்தது. கேட்கவில்லை. முடித்தாயிற்றா என்று கேட்க வாய் வந்தது. அதையும் கேட்கவில்லை. முதலில் அவர் பேசட்டும் என்று முறைப்பாக இருந்துவிட்டாள். அவரும் பேசாமல் வாக்கி டாக்கியைச் சார்ஜரில் போட்டுவிட்டுப் படுத்தார்.

காலையில் எழுந்திருக்கவில்லை.

அது இரண்டு ஆள் ஒரு நாள் முழுக்கச் செய்கிற வேலை. நெஞ்சு வலிக்காரர், ஒற்றை ஆள், ஒரே நாள். முடித்திருக்க முடியாது. நேற்று அவர் கைகளை எடுத்து நெஞ்சின்மேல் வைக்கும்போது உள்ளங்கையில் கொப்புளங்களைப் பார்த்தாள். பாதியாவது வெட்டியிருப்பார். பாதி வெட்டிய கோடு என்பது கோடே இல்லை. அதை அவளுக்குச் சொல்லிக் கொடுத்ததே அவர்தான்.

சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். ஜீப் அடிவாரம் போய்ச் சேர இருபது நிமிடம். மேலே ஏறக் கால்மணி நேரம். போய் இருபத்தெட்டு நிமிடம் ஆகியிருந்தது. போனதும் தங்கள் கண்ணால் பார்த்துவிடுவார்களே? பார்க்க மாட்டார்கள். பதினாறாம் கல் பக்கமாகத்தான் பாதை ஏறும். அங்கிருந்து பார்த்தால் சரிவு மறைக்கும். புகை வேறு. வரைபடத்தில் முழுக்கோடு இருக்கும்போது எவன் திரும்பிப் பார்ப்பான்?

"என்னடி, பேயறைஞ்ச மாதிரி இருக்க?" மாமியார் அவள் தோளைத் தொட்டாள். "ஒரு வாய் காபியாவது குடி."

"வேணாம் அத்தை."

முப்பத்து நான்கு நிமிடம்.

அதிகாரி கைபேசியில் யாரிடமோ மெதுவாகப் பேசிக்கொண்டிருந்தார். "ஆமா, நம்ம ஸ்டாஃப்தான். ரெண்டு பேருமே. ரொம்ப நேர்மையான குடும்பம்..."

அந்த வார்த்தை காதில் விழுந்ததும் அவளால் உட்கார முடியவில்லை. எழுந்தாள். கால் மரத்துப் போயிருந்தது. சுவரைப் பிடித்துக்கொண்டு அலமாரிவரை போனாள். அவருடைய வாக்கி டாக்கியை எடுத்தாள். பச்சை விளக்கு எரிந்தது. பொத்தானை அழுத்தினாள்.

"சுருட்டை... தம்பி... கேக்குதா?"

கரகரப்பு.

"தம்பி, அண்ணி பேசறேன். கேக்குதா?"

அவள் குரல் ஒரு நொடி பிந்தி அதிகாரியின் இடுப்பிலிருந்தும் கேட்டது. அங்கே தொங்கிய வாக்கி டாக்கியும் அதே அலைவரிசைதான். அலுவலகம், காவல் கோபுரம், ஜீப் எல்லாமே ஒரே அலைவரிசை. ஊருக்கே கேட்கும். கேட்கட்டும்.

மலை மறைக்கிறதோ என்று மாடிப்படியில் ஓடினாள். மொட்டை மாடியில் நின்றால் கிழக்குச் சரிவு தெரியும். புகை சாம்பல் நிறத்தில் சாய்ந்து எழுந்துகொண்டிருந்தது. பின்னாலேயே அதிகாரியும், அவருக்குப் பின்னால் முழங்காலைப் பிடித்துக்கொண்டு மாமியாரும் ஏறி வந்தார்கள்.

"தம்பி, பதினாலுக்கும் பதினஞ்சுக்கும் நடுவுல கோடு இல்ல. நான் பொய்யா போட்டேன். எதிர்த்தீ வைக்காதீங்க. கேக்குதா? கோடு இல்ல. வெளிய வந்துடுங்க!"

அதிகாரியின் இடுப்பு அதையே திருப்பிச் சொன்னது. கோடு இல்ல. வெளிய வந்துடுங்க.

"என்னம்மா சொல்றீங்க?" அவர் முகம் வெளுத்திருந்தது. "நான் கையெழுத்துப் போட்டிருக்கேன்!"

"நான்தான் சார் போட்டேன். அவருக்குத் தெரியாது. தெரிஞ்சப்புறம் கோவிச்சுக்கிட்டாரு."

"கோவிச்சுக்கிட்டு?" என்றாள் மாமியார். மூச்சு வாங்கியது அவளுக்கு. "அதுக்குத்தான் ஞாயித்துக்கிழமை அந்த வெயில்ல தனியா போனானா?"

அவள் பொத்தானை மறுபடி அழுத்தினாள்.

இந்தத் தடவை குரல் வந்தது. துண்டு துண்டாக.

"அண்ணி... வச்சாச்சு... ரெண்டு நிமிஷமாச்சு..."

"தம்பி!"

"...பதினாறுலதான் நிக்கறோம்... ரெண்டு பேரைப் பதினாலுக்கு அனுப்பறேன்... நானும்..." அதற்கு மேல் வெறும் இரைச்சல்.

புகைக்குப் பக்கத்தில் இன்னொரு புகை எழுந்திருந்தது. புதுப்புகை, வெள்ளையாக, அடர்த்தியாக. காற்று அதைப் பிடித்துப் பதினாலாம் கல் பக்கமாக மெல்லத் தள்ளுவது அவளுக்கு இங்கிருந்தே தெரிந்தது. அந்தச் சரிவின் ஒவ்வொரு மடிப்பும் அவள் கையால் வரைந்தது. எந்த இடத்தில் காற்று திரும்பும், எந்த ஓடையில் நெருப்பு வேகம் பிடிக்கும் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வாள். கண்ணை மூட முடியவில்லை.

அதிகாரி அலைவரிசையை மாற்றிப் பக்கத்து வட்டத்துப் படையைக் கூப்பிடத் தொடங்கினார். "அவசரம்... ஆறு பேர் உள்ளே..." என்பது மட்டும் கேட்டது. நல்ல மனிதர்தான். கையெழுத்தைப் பற்றி மறுபடி பேசவில்லை.

மாமியார் அவள் பக்கத்தில் வந்து கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டாள். ஒரு பிள்ளை கீழே கூடத்தில். இன்னொரு பிள்ளை அந்தப் புகைக்குள். திட்டுவாள் என்று இவள் காத்திருந்தாள். திட்டினால் தேவலாம் போலிருந்தது. கிழவி புகையையே பார்த்துக்கொண்டு கேட்டாள்.

"அது இந்தப் பக்கம் வருதா, அந்தப் பக்கம் போகுதா? எனக்குக் கண்ணு சரியா தெரியல."

"தெரியல அத்தை."

"உனக்கே தெரியலன்னா யாருக்குத் தெரியும்?"

கீழே யாரோ குழந்தையை அதட்டினார்கள். காபி டம்ளர்கள் கழுவும் சத்தம். பெட்டிக்காக வந்த வண்டியின் ஓட்டுநர் வாசலில் நின்று, இன்னும் எவ்வளவு நேரமாகும் என்று மெதுவாக விசாரித்தார்.

மூன்று நிமிடம் போயிற்று. நான்கு. வாக்கி டாக்கியைக் காதோடு அழுத்திப் பிடித்திருந்தாள். அதில் அவருடைய வாசனை இன்னும் இருந்தது. வியர்வையும் புகையும் கலந்த வாசனை. பதினோரு வருடமாகத் துணி துவைக்கும்போதெல்லாம் அவள் குறைசொன்ன வாசனை.

இரண்டு புகையும் ஒன்றையொன்று தொட்டன. நடுவே கறுப்பாக ஒரு சுருள் எழுந்தது. பிறகு எழவில்லை. பதினாலாம் கல்லுக்கு இந்தப் பக்கம் பச்சை பச்சையாகவே இருந்தது. அவள் நம்பாமல் பார்த்துக்கொண்டிருந்தாள்.

கரகரப்பு. இருமல். யாரோ ஒருவன் துப்புகிற சத்தம்.

"அண்ணி?"

"சொல்லு தம்பி. எல்லாரும் இருக்கீங்களா? எண்ணிப் பாரு."

"ஆறு பேரும் இருக்கோம். ஒருத்தன் மீசை கருகிடுச்சு, அவ்வளவுதான். அது இருந்தும் பிரயோசனம் இல்லாத மீசை." சிரிக்க முயன்று இருமினான். பிறகு குரல் மாறியது. "அண்ணி, ஏன் அப்படிச் சொன்னீங்க? கோடு இருக்கே. பதினாலுலருந்து பதினஞ்சு வரைக்கும் வெட்டி, வாரி, வேரெல்லாம் பிடுங்கிப் போட்டிருக்கு. வெறும் மண்ணு."

அவள் பொத்தானை அழுத்தப் போனாள். விரல் வழுக்கியது.

மாமியார் அவள் கையிலிருந்து அதை வாங்கினாள். எதை அழுத்துவது என்று தெரியாமல் தடவினாள். அதற்குள் அந்தப் பக்கத்திலிருந்தே குரல் மறுபடி வந்தது.

"அண்ணனோட தண்ணி பாட்டில் பதினாலாம் கல்லு மேலயே இருக்கு அண்ணி... மூடிகூடத் திறக்கல."