பஞ்சுத் திரி

எங்கள் ஆய்வுக்கூடத்தில் என் வேலை, கினிப்பன்றியின் மூச்சுக்குழாயை மோதிரம் மோதிரமாக நறுக்கி, வெதுவெதுப்பான உப்புநீர்த் தொட்டியில் கொக்கியில் மாட்டுவது. ஒரு மருந்தை விட்டால் மோதிரத்தின் தசை இறுகும். இன்னொன்றை விட்டால் தளரும். அப்படித் தளர்வதற்குக் குழாயின் உள்ளே இருக்கும் மெல்லிய உட்படலம் துணை நிற்கிறது. ஒவ்வாமை வந்த உடம்பிலும் அந்தத் துணை கிடைக்கிறதா என்பதுதான் ஆய்வை நடத்தும் எங்கள் மேடத்தின் கேள்வி.

முட்டை வெண்கருவை ஊசியில் ஏற்றி ஒவ்வாமை உண்டாக்கிய எட்டு கினிப்பன்றிகளின் குழாய்களிலும் சளி அப்பியிருந்தது. அழுக்கைக் கண்டால் என் கை சும்மா இருக்காது. பஞ்சைத் திரியாக முறுக்கி, நனைத்து, பால்புட்டி கழுவுவதுபோல உள்ளே விட்டு இழுத்தேன். ஒவ்வாமை இல்லாதவற்றில் சளி இல்லை. அவற்றில் பஞ்சு படவில்லை.

ஒவ்வாமை மோதிரம் ஒன்றுகூடச் சரியாகத் தளரவில்லை. உட்படலம் இருந்தும் உதவவில்லை என்று மேடம் உற்சாகமாகக் கட்டுரை எழுதத் தொடங்கினார்.

பிறகு ஸ்லைடு அக்கா வந்தார். மோதிரங்களை மெல்லிசாகச் சீவி, சாயமேற்றி, கண்ணாடியில் ஒட்டித் தருபவர். எட்டிலும் உட்படலமே இல்லை என்றார். சீவும்போது நீங்கள்தான் உரித்திருப்பீர்கள், கண் மங்கிவிட்டதா என்று மேடம் கேட்டார். இனி அந்த வேலையை வெளியே கொடுத்துவிடலாம் என்றும் சொன்னார். அது போனால் அக்காவுக்கு வேறு பிழைப்பு கிடையாது. மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தபடி நின்றார்.

எனக்கு அப்போதுதான் பஞ்சு நினைவுக்கு வந்தது. சளியோடு உட்படலத்தையும் அதுதான் உரித்திருக்க வேண்டும். கழுவிய தொட்டியையே மறுபடியும் கழுவினேன்.

இரண்டு நாள் அப்படியே போனது. மதியம் சாப்பிடும்போது அக்கா வழக்கம்போல எனக்கும் நாற்காலி இழுத்துப் போட்டார். காலையில் கடவுள்முன் கைகூப்பினால் வேண்டுதல் வரவில்லை. கும்பிடுவதற்கும் ஒரு முகம் வேண்டுமே.

மூன்றாம் நாள் அக்கா தன் ஸ்லைடு அலமாரிச் சாவியை ஒப்படைக்க மேடத்தின் அறைக்குப் போனார். பின்னாலேயே நானும் போனேன்.

"மேடம், அக்கா மேல தப்பில்ல. சளிய எடுக்க நான்தான் பஞ்சு விட்டுத் துடைச்சேன். எட்டையும்."

மேடம் கணினியில் திறந்திருந்த கட்டுரையை மூடினார்.

"எட்டு உசுரு," என்றார். "அன்னிக்கே ஏன் சொல்லல?"

"வெட்கமா இருந்துச்சு மேடம்."

அவர் எழுந்து சாவியை அக்காவின் கையிலேயே திரும்ப வைத்தார். தான் அப்படிப் பேசியிருக்கக் கூடாது என்று மெதுவாகச் சொன்னார். கட்டுரை நின்றது. மறுபடி செய்தோம்; இம்முறை சளியை உப்புநீர் ஊற்றி மட்டும் அலசினேன். மோதிரங்கள் தளர்ந்தன, நோயற்றவற்றின் அளவுக்கு இல்லை, பாதியளவு. மேடம் அந்தப் பாதியைத்தான் எழுதினார்.

நான் ஒத்துக்கொண்ட அன்று மதியமே அக்கா சொன்னார்:

"ஸ்லைடுல ஒரு பஞ்சு நூல் கிடந்துச்சு. மொத நாளே பாத்தேன்."

"அப்பவே சொல்லியிருக்கலாமே அக்கா."

"நீயே சொல்லுவேன்னு இருந்தேன். இன்னும் ஒரு நாள் போயிருந்தா நானே போட்டுக் குடுத்திருப்பேன். என்னைய ரொம்ப நல்லவன்னு நெனச்சுக்காத."

அவர் சிரித்தார். என்னால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. அக்கா நாற்காலியை இழுத்துப் போட்டார். தலையைக் குனிந்தபடியே உட்கார்ந்தேன்.